பெஸ்ட் என்றாள்

நவம்பர் 6, திங்கள்

இந்த நோட்டை நானாக ஆரம்பிக்கவில்லை. ரிஸ்வானா ஆரம்பிக்கவைத்தாள். பொள்ளாச்சியிலிருந்து வாரம் இரண்டு நாள் உடுமலைக்கு பஸ் ஏறி வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். இருபத்தாறு வயதுதான் இருக்கும். அறுபத்தெட்டு வயதுக்காரனை உட்காரவைத்து, ஸ்கேலைக் கையில் கொடுத்து, பக்கத்துக்கு நான்கு கட்டம் போடவைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

என் மனைவி கமலவேணிக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு நாற்பத்தொரு நாள். வலது கையும் வலது காலும் அசைவதில்லை. பேச்சும் போய்விட்டது. பக்கவாதம் வந்த நாள்வரை முப்பத்துநான்கு வருஷம் நான்காம் வகுப்புக்கு இங்கிலீஷ் நடத்திய வாயில் இப்போது மிச்சம் இருப்பது ஒரே ஒரு சொல். பெஸ்ட். தண்ணீர் வேண்டும் என்றாலும் பெஸ்ட்தான், கொசு கடித்தாலும் பெஸ்ட்தான்.

"சிலருக்கு இப்படி ஒரே வார்த்தை மாட்டிக்கும் அங்கிள். அவங்க சொல்ல நினைக்கறது வேற, வாயில வர்றது இதுதான். நாம பேசறது டீச்சருக்கு நல்லாப் புரியுது. மெதுவாப் படிக்கவும் செய்யறாங்க. திருப்பிச் சொல்லவும் எழுதவும்தான் வர்றதில்ல" என்றாள் ரிஸ்வானா.

முதல் கட்டம் நேரம். இரண்டாவது, என்ன நடந்தது. மூன்றாவது, எப்படிச் சொன்னாள். நான்காவது, அர்த்தம்.

"முகத்தைப் பாருங்க, இடது கையைப் பாருங்க, அப்புறம் எழுதுங்க. தெரியலைன்னா நாலாவது கட்டத்தைக் காலியா விட்டுடுங்க. ஊகமா எழுத வேண்டாம்."

யாரிடம் சொல்கிறாள்? முப்பத்தொரு வருஷம் துணைமின் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவன் நான். மணிக்கு ஒரு தடவை மீட்டர்களைப் பார்த்து ரிஜிஸ்டரில் ஏற்றுவதுதான் என் பிழைப்பு. ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. காலிக் கட்டம் இருந்தால் மெமோ வரும்.

நவம்பர் 8, புதன்

காலை 7.10. காப்பி கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாள். அர்த்தம்: சர்க்கரை போதவில்லை.

காலை 9.30. வீட்டு வேலைக்கு வரும் மாராத்தாள் தலை வாரிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். அர்த்தம்: சுகமாக இருக்கிறது.

மாலை 4.20. ஜன்னல் பக்கம் கையைக் காட்டி இரண்டு தடவை சொன்னாள். அர்த்தம்: வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. ஜன்னலைச் சாத்திவிட்டேன். சாலையில் பள்ளிக்கூடம் விட்ட சத்தமும் அதோடு நின்றது. மூன்றாம் தடவையும் சொன்னாள். நன்றி என்று எழுதிக்கொண்டேன்.

அவளுடைய பழைய அகராதியை எடுத்துப் பார்த்தேன். குட் என்றால் நல்லது. பெட்டர் என்றால் அதைவிட நல்லது. பெஸ்ட் என்றால் எல்லாவற்றையும்விட நல்லது, அதற்கு மேல் படி கிடையாது. படித்துவிட்டு மருந்து வாங்கக் கடைவீதிக்குப் போனேன். பெஸ்ட் பேக்கரி, பெஸ்ட் டெய்லர், பெஸ்ட் டியூஷன் சென்டர். ஒரே தெருவில் இத்தனை பேர் கடைசிப் படியில் நின்றால் கீழ்ப்படியில் யார்தான் நிற்பது?

வேணி அந்தச் சொல்லை அவ்வளவு லேசில் கொடுத்தவள் இல்லை. பிள்ளைகளின் நோட்டில் குட் போடுவாள். மனசு வந்தால் பெட்டர். பெஸ்ட் போட வருஷத்துக்கு ஒரு நோட்டு கிடைத்தால் அதிசயம். தப்பு எழுதினால் சிவப்புப் பேனாவில் குறுக்கே கோடு, பக்கத்தில் 5. அதைச் சரியாக ஐந்து தடவை எழுதிக் காட்டவேண்டும். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் நான் செய்த ஒரு காரியத்துக்கும் அவள் பெஸ்ட் சொன்னதில்லை. இப்போது ஒரு நாளைக்கு நாற்பது சொல்கிறாள். கேட்கச் சந்தோஷமாக இல்லை.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. மாராத்தாள் வரவில்லை. நானே ஈரத்துணியால் துடைத்து, புதுச் சேலையை நைட்டி மேல் போர்த்திவிட்டேன். மஸ்கட்டிலிருந்து நவநீதன் போனில் வந்தான். அம்மாவைப் பார்த்ததும் பேச்சு வராமல் திரும்பிக்கொண்டான். எங்கள் ஒரே பையன். அவன் முகம் கோணினால் இவளுக்குத் தாங்காது.

"பெஸ்ட், பெஸ்ட், பெஸ்ட்" என்றாள்.

அர்த்தம்: தீபாவளி வாழ்த்து.

நவம்பர் 17, வெள்ளி

காப்பிக்குச் சர்க்கரை மூன்று கரண்டி ஆக்கியாயிற்று. இன்னும் முகத்தைச் சுளிக்கிறாள். உதட்டோரம் வழிந்து நைட்டி எல்லாம் கறை. துவைத்து எனக்குக் கை போகிறது.

நவம்பர் 25, சனி

ரிஸ்வானா நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். "ஒரு கட்டம்கூடக் காலியா இல்லையே அங்கிள்!" என்றாள். பாராட்டு என்று நினைத்தேன். அவள் முகம் அப்படி இல்லை.

"எல்லாமே உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"நாற்பது வருஷம் கூட இருக்கறேன், புரியாதா?"

வேணியோடு படங்களைக் காட்டிப் பயிற்சி செய்ய ஆரம்பித்துவிட்டாள். தம்ளர் படத்துக்கு பெஸ்ட். பசு படத்துக்கு பெஸ்ட். என் பழைய போட்டோவுக்கும் பெஸ்ட் என்றாள், சொல்லிவிட்டுச் சிரித்தாள். ரிஸ்வானாவும் சிரித்தாள். எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அர்த்தம்: அழகு.

டிசம்பர் 4, திங்கள்

காலை 6.40. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவளைக் கீழே விடாமல் இருக்க முடியவில்லை. தடாலென்று விழவில்லை, சரிந்துபோய் உட்கார்ந்து அப்படியே படுத்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவளைத் தூக்க முடியவில்லை. எனக்கும் எழுந்திருக்க முடியவில்லை. போன் மேஜைமேல் இருந்தது. மேஜை எட்டடி தூரம்.

எட்டு மணிக்கு மாராத்தாள் பின்பக்கத்துப் பொடக்காளிக் கதவு வழியாக வரும்வரை தரையிலேயே கிடந்தோம். அத்தனை நேரமும் வேணி சொல்லிக்கொண்டிருந்தாள். மெதுவாக, இழுத்து, விட்டு விட்டு. இருபது தடவை இருக்கும். அர்த்தம்: வலி.

மாராத்தாள் ஒற்றை ஆளாக அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். அடி எதுவும் இல்லை, ஒரு சிராய்ப்புகூட இல்லை. பிறகு என்னிடம் துண்டை நீட்டினாள்.

"மூஞ்சியத் தொடைங்கய்யா மொதல்ல."

வேர்த்திருந்தது.

டிசம்பர் 6, புதன்

மருந்துக் கடைக்காரர் ஒரு இல்லத்தின் நம்பரைக் கொடுத்தார். கோவை போகும் வழியில் இருக்கிறதாம். பக்கவாதம் வந்தவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்களாம். சும்மா விசாரித்து வைத்தேன். நவநீதனுக்கு அந்த நம்பரை அனுப்பிவைத்ததும் சும்மாதான்.

மாலை 4.20. வழக்கம்போல ஜன்னல். வழக்கம்போலச் சாத்தினேன்.

டிசம்பர் 13, புதன்

நவநீதன் ஒரு இல்லத்தைப் பற்றிச் சொல்கிறான். அவன் யோசனை. நல்ல இடம் என்கிறான்.

"அப்பா, அம்மாவுக்கு எது பெஸ்ட்டுன்னு பாக்கணும். இருபத்திநாலு மணி நேரமும் நர்ஸ் இருக்காங்க. நீங்க வாரா வாரம் ஞாயித்துக்கெழம போய்ப் பாத்துட்டு வரலாம்."

"அவ சம்மதிக்கணுமே."

"நீங்க கேளுங்கப்பா."

"நீயே கேளு" என்றேன்.

டிசம்பர் 20, புதன்

இடுப்பு வலிக்கு ஊசி போட்டுக்கொண்டேன். டாக்டர், கனம் தூக்கக்கூடாது என்றார். என் வீட்டில் கனமானது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதைத்தான் நான் தினமும் ஆறு தடவை தூக்கவேண்டும் என்றேன். அவர் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டே, "வேற ஆள் பாருங்க" என்றார்.

ஆள் பார்த்தேன். பகலில் முழு நேரமும் இருக்க மாராத்தாளுக்கு முடியாது, இன்னும் இரண்டு வீடு இருக்கிறது. வேறு யாரும் வாரக்கணக்கில்கூட நிற்கவில்லை.

டிசம்பர் 28, வியாழன்

காலை 11.05. நவநீதன் வீடியோவில் வந்தான். போனைத் தலையணைமேல் சாய்த்து வைத்தேன்.

"அம்மா, நீங்க வெசனப்படாதீங்க. அங்க நல்லாப் பாத்துக்குவாங்க. அப்பாவுக்கும் முடியறதில்லீங்கம்மா. தை பொறந்ததும் போலாமா?"

வேணி சொன்னாள். ஒரே தடவை.

"பாத்தீங்களாப்பா, அம்மாவே சரின்னுட்டாங்க."

சொன்ன விதம்: கவனிக்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அர்த்தம்: சம்மதம்.

டிசம்பர் 29, வெள்ளி

இல்லத்துக்குப் பேசி ஜனவரி 18 வியாழக்கிழமை என்று முடிவு செய்தாயிற்று. வண்டி அவர்களே அனுப்புவார்கள். கொண்டுவரவேண்டிய சாமான் பட்டியல் வந்தது. நைட்டி ஆறு, துண்டு நான்கு, தட்டு ஒன்று, தம்ளர் ஒன்று. எல்லாத் துணியிலும் பெயர் தைத்திருக்கவேண்டும்.

மனசு லேசாகிவிட்டது. சொல்லக்கூடாது, ஆனால் அப்படித்தான்.

ஜனவரி 2, செவ்வாய்

மாராத்தாள் துணிகளில் பெயர் தைத்துக்கொண்டிருந்தாள். வேணி பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது நைட்டி வந்ததும் இடது கையால் பிடித்து இழுத்துத் தன் வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். விடவில்லை.

மாராத்தாள் என்னைப் பார்த்தாள். "ஏனுங்கய்யா, அம்மாவுக்கு இஷ்டந்தானுங்களா?"

"அவளே சொன்னா."

"என்னன்னு சொன்னாங்க?"

நான் எழுந்து போய்ப் பால் குக்கரை அணைத்தேன். அது விசில் அடித்திருக்கவில்லை.

ஜனவரி 6, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

பதினெட்டாம் தேதிக்குள் ரிஸ்வானாவுக்கு இன்னும் சில வகுப்புகள்தான் பாக்கி. நோட்டைக் கேட்டாள், கொடுத்தேன். டிசம்பர் 28 வரை புரட்டிக்கொண்டு வந்தவள் அங்கே நின்றாள்.

"மூணாவது கட்டத்துல கவனிக்கலைன்னு எழுதிருக்கீங்க."

"ஆமா. உண்மையத்தானே எழுதியிருக்கேன்."

"பாக்காம எப்படி அங்கிள் நாலாவது கட்டத்தை எழுதுனீங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன் வேலை பேச்சுப் பயிற்சி, அதைப் பார்த்துவிட்டுப் போ என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. நோட்டை அப்படியே கட்டில்மேல் விரித்துப் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என் மகள் வயசுப் பெண்ணிடம் கத்தியிருக்கிறேன்.

திரும்பிப் பார்த்தால் நோட்டு வேணியின் மடியில் இருக்கிறது. இடது கையால் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். பிறகு சுவரைக் காட்டி பெஸ்ட் என்றாள். தண்ணீர் கொண்டுவந்தேன். தட்டிவிட்டாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுவிட்டேன். அது வேண்டியிருந்தது, ஆனால் கேட்டது அது இல்லை. சுவரைக் காட்டி இன்னும் சத்தமாகச் சொன்னாள். ஃபேன் போட்டேன். நிறுத்தினேன். கட்டிலடியிலிருந்து பெட் பேனை எடுத்தபோது கையில் கிடைத்த மாத்திரை டப்பாவை என்மேல் வீசினாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த மாராத்தாள் வந்து ஒரு தரம் அவள் முகத்தைப் பார்த்தாள். அவள் கண் போகிற இடத்தைப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய பழைய பள்ளிக்கூடப் பையை எடுத்து மடியில் வைத்தாள். அவ்வளவுதான். வேணி உள்ளே கைவிட்டுத் துழாவிச் சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

மூடியைப் பல்லால் கழற்றினாள். என் நோட்டைத் திருத்த ஆரம்பித்தாள்.

ஜனவரி 7, ஞாயிறு

நேற்று பாதி, இன்று பாதி. மதியம் மூன்று மணிக்கு முடித்தாள். இரண்டு மாதம் நான் எழுதிய எல்லாப் பக்கமும் சிவப்பு. இடது கை என்பதால் கோடு கோணிக்கோணிப் போகிறது, ஆனால் எது டிக், எது தப்பு என்பதில் சந்தேகமே இல்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு டிக் தேறினால் பெரிய விஷயம். தலை வாரிவிட்டதற்குச் சுகம் என்று எழுதியது சரி. தீபாவளி வாழ்த்து தப்பு. அழகு தப்பு. அதற்கு மட்டும் கோட்டை இரண்டு தடவை போட்டிருக்கிறாள்.

தப்பு என்றால் சரி எது? ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவளால் சொல்ல முடியாது, எனக்குப் பிடிபட வேண்டும். நாற்பது வருஷத்தில் அவள் முகத்தை இவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை.

காப்பி. சர்க்கரை போதவில்லை என்பது தப்பு. அதிகமா? தப்பு. சூடா? தப்பு. கடைசியில் தம்ளரை என் கையோடு பிடித்து வாயின் இடது ஓரத்துக்குத் தள்ளினாள். வலது ஓரத்தில் அவளுக்கு உணர்ச்சியே இல்லை. இரண்டு மாதமாக மரத்துப்போன பக்கத்தில் வைத்து ஊற்றிவிட்டு, வழிகிறதே என்று அலுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜன்னல். வெளிச்சம் என்பதெல்லாம் தப்பு, ஒவ்வொரு நாளும் தப்பு. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் போய்ச் சாத்தினேன். தலையை ஆட்டினாள். திறந்தேன். ஆட்டவில்லை. அப்புறம்தான் என் மரமண்டைக்கு ஏறியது. நாலு இருபதுக்குப் பள்ளிக்கூடம் விடுகிறது. அவளுடைய பள்ளிக்கூடம். பிள்ளைகள் இந்த ஜன்னலைத் தாண்டித்தான் போகிறார்கள். தினமும் சரியாக அந்த நேரத்துக்கு நான் ஓடிப்போய்ச் சாத்தியிருக்கிறேன். நன்றி என்று வேறு எழுதிக்கொண்டேன்.

டிசம்பர் 4. வலி என்று எழுதியதன்மேல் கோடு.

"வலிக்கலையா வேணி? தரையில கெடந்தப்ப?"

கையை நீட்டினாள். குனிந்தேன். கட்டைவிரலால் என் கண்ணுக்குக் கீழே துடைத்தாள். "பெஸ்ட்" என்றாள், அன்றைக்குச் சொன்னது மாதிரியே, மெதுவாக, இழுத்து.

எழுதித்தான் ஆகவேண்டும். அன்றைக்கு எனக்கு வேர்க்கவில்லை. ஒன்றேகால் மணி நேரம் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவள் தரையில் கிடந்துகொண்டு என்னைச் சமாதானப்படுத்தினாள்.

டிசம்பர் 28. சம்மதம். குறுக்கே கோடு, தாள் கிழிகிற அழுத்தத்தில். மொத்த நோட்டிலும் இந்த ஒரு இடத்தில்தான் பக்கத்தில் 5 போட்டிருக்கிறாள்.

துணைமின் நிலையத்தில் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. வெளியே சொல்வதில்லை. மழை நாளில் மீட்டர் வரை எழுந்து போக அலுப்பாக இருந்தால், போன மணி என்ன இருந்ததோ அதிலிருந்து ஒன்று இரண்டு கூட்டிக் குறைத்து எழுதிவிடுவோம். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். யாரும் கண்டுபிடித்ததில்லை. 28ஆம் தேதி நான் செய்தது அதுதான். மீட்டரைப் பார்க்காமல் ரீடிங் எழுதினேன். இல்லத்தின் நம்பரை வாங்கினது நான், நவநீதனுக்கு அனுப்பினது நான். எனக்கு என்ன வேண்டுமோ அதை அவள் கட்டத்தில் எழுதினேன்.

ஜனவரி 8, திங்கள்

சம்மதம் இல்லை.

சம்மதம் இல்லை.

சம்மதம் இல்லை.

சம்மதம் இல்லை.

சம்மதம் இல்லை.

எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு வரி வரியாகப் பார்த்தாள். ஐந்துக்கும் ஐந்து டிக். நாலாவது வரியில் கடைசி எழுத்தைத் தனியாகச் சுழித்துக் காட்டினாள், வால் சரியாக வரவில்லையாம். கையெழுத்து விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

பிறகு நவநீதனுக்குப் போன் போட்டேன்.

"அம்மா போகலடா."

"என்னப்பா இது, அம்மா சரின்னாங்களே?"

"சொல்லல. நான் பாக்கல."

"சரிங்கப்பா, அப்பறம் எப்படி? நாளைக்கு மறுபடியும் விழுந்தா? உங்களுக்கு ஒண்ணுன்னா?"

"தெரியல."

"தெரியலைன்னா எப்படிங்கப்பா?"

அவன் கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. அவனும் எட்டு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வந்து பேசுகிறான். தெரியல என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இல்லத்துக்கும் சொல்லி வண்டியை நிறுத்தியாயிற்று. அடுத்து ரிஸ்வானாவுக்குப் பேசி மன்னிப்புக் கேட்டேன். "புதன்கிழமை வர்றேன் அங்கிள். டீச்சர் திருத்துன நோட்டை எனக்குக் காட்டணும்" என்றாள்.

ஜனவரி 10, புதன்

மாராத்தாள் யோசனை. "கட்டில் காலை அறுத்துப்போடுங்கய்யா. நாக்காலி ஒசரத்துக்கு வந்துட்டாத் தூக்கற சோலியே இல்லீங்க, நகத்துனாப் போதும்." ஆசாரி வந்து நாலு காலிலும் அரையடி எடுத்தார். வேணியின் அப்பா போட்ட தேக்குக் கட்டில். மறுபக்கம் திரும்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். ரம்பம் ஓடுகிறதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நகர்த்திப் பார்த்தோம். பரவாயில்லை. இடுப்பு வலிக்கத்தான் செய்கிறது.

ரிஸ்வானா திருத்திய நோட்டைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்கு எத்தனை மார்க் என்று கேட்டேன். டீச்சரைக் கேளுங்கள் என்றாள்.

ஜனவரி 11, வியாழன்

காலை 10.30. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு அவளுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"வேணி, ஒண்ணு கேக்கறேன். அந்த இல்லத்துக்கு அனுப்பறது என்னோட யோசனைதான், பையன் மேல பழியப் போட்டேன். எனக்குப் பயமா இருக்குது. உன்னத் தூக்கறதுக்குப் பயம், தூக்காம விடறதுக்கும் பயம். இப்ப முடியுது. ஆறு மாசம் கழிச்சு முடியுமான்னு தெரியல. முடியாமப் போனா நீ அங்கதான் போகணும், எனக்கு வேற வழி தெரியல. அதுக்கு நீ என்ன சொல்றே?"

முகத்தைப் பார்த்தேன். இடது கையைப் பார்த்தேன். கை நைட்டியின் விளிம்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது. தெருவில் கீரைக்காரம்மா கூவிக்கொண்டு போய், திரும்பியும் வந்துவிட்டாள்.

சொன்ன விதம்: என் கண்ணைப் பார்த்து, மெதுவாக, ஒரே தடவை. குரல் உடையவில்லை.

நான்காவது கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை. நோட்டையும் சிவப்புப் பேனாவையும் அவளிடமே கொடுத்தேன். அந்தக் காலிக் கட்டத்தை அவளும் கொஞ்ச நேரம் பார்த்தாள். டிக்கும் போடவில்லை, கோடும் போடவில்லை. பக்கத்தின் அடியில், பிள்ளைகளின் நோட்டைத் திருத்தி முடித்ததும் போடுவாளே, அதே போல க.வே. என்று கையெழுத்துப் போட்டாள். 'வே' கோணல்மாணலாக வந்திருக்கிறது. பார்த்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். இந்த நோட்டிலேயே எனக்கு நிச்சயமாகத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பால் பொங்கும்போது நாற்காலியைத் தள்ளி அடுப்படி வாசலுக்குக் கொண்டுவந்தேன். ஒரு கரண்டி ஊட்டினேன், இடது பக்கம். முகத்தைச் சுளித்துக்கொண்டு பெஸ்ட் என்றாள். அர்த்தம்: சர்க்கரை அதிகம். மாலையில் நோட்டைக் காட்டினேன். டிக்.

ஜனவரி 18, வியாழன்

வண்டி வருவதாக இருந்த நாள். வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் வேணி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வராது என்று நாலு தடவை சொன்னேன். நான் சொன்னதை அவள் நம்பினாளா என்று தெரியாது. நம்பும்படியாக இத்தனை நாள் நான் நடந்துகொள்ளவில்லை.

காலையில் நகர்த்தும்போது என் கை நழுவியது. பிடித்துவிட்டேன். இன்றைக்குப் பிடித்துவிட்டேன்.

மாலை 4.20. ஜன்னலை விரியத் திறந்து வைத்தேன். பிள்ளைகள் போனார்கள். இரண்டு பேர் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, "டீச்சர், எப்ப வருவீங்க?" என்று கத்திவிட்டு ஓடினார்கள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

சொன்ன விதம்: கண்ணில் தண்ணீர் இருந்தது. உதட்டின் இடது பாதி சிரித்தது. என் கையைப் பிடித்திருந்தாள், விடவில்லை.

அர்த்தம்: